கட்டாக்காலிகள்: மலைநாட்டுத் தோட்டங்களில் உரிமையற்ற உயிர்கள் பற்றிச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழில் ‘கட்டாக்காலி’ என்றொரு சொல் வழங்குகின்றது. ‘காலி’ என்பது பசுவையும் பசுநிரையையும் குறிக்கும் பழஞ்சொல். கட்டப்படாத காலி கட்டாக்காலி ஆயிற்று. பின்னர் இச்சொல் மாட்டினின்றும் விரிந்து ஆட்டையும் நாயையும் தழுவி, ஈற்றில் வீடுவாசலின்றித் திரியும் மனிதனையும் சுட்டலாயிற்று. தமிழகத்தார் ‘தெருநாய்’ என்னும்போது அவ்விலங்கு இருக்கும் இடத்தைச் சொல்கின்றனர். நாம் ‘கட்டாக்காலி நாய்’ என்னும்போது அதன் கழுத்தில் இல்லாத கயிற்றைச் சொல்கின்றோம். கயிறு என்றால் அதன் மறுமுனையைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கட்டுவதற்குத் தறி வேண்டும். தறியை நடுவதற்கு நிலம் வேண்டும். இச்சொல்லினுள்ளே உடைமை பற்றியதொரு தீர்ப்பு அடங்கியிருக்கின்றது என்பதை மனங்கொண்டே மேற்செல்லல் வேண்டும்.

மலைநாட்டுத் தோட்டங்களில், சிறப்பாகத் தலவாக்கலையையும் அதனைச் சூழ்ந்த லிந்துலை, டிம்புள்ளைப் பகுதிகளையும் மனத்திற்கொண்டு, வேண்டாத விலங்குகள் நடத்தப்படும் முறையினையும் அதுபற்றி எமது அறிவுலகம் கொண்டுள்ள நோக்கினையும் இங்கு ஆராய முற்படுகின்றோம். இவ்விடயத்தில் இரு சாரார் எதிரெதிராக நிற்கின்றனர். நகர்சார்ந்த விலங்கு நேசர்கள் தோட்ட மக்களின் ‘அறியாமை’யையும் ‘கொடுமை’யையும் கண்டு மனம் வெதும்புகின்றனர். முற்போக்காளர் எனப்படுவோரோ, மனிதனே நாயினும் கேடாய் வாழும் இடத்தில் நாயைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று கூறி இதனை ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதே எமது கருத்து. இரு சாராரும் லயத்தையும் அதன் நாயையும் தனித்தனியே எடுத்து நோக்குகின்றனர்.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். மலைநாட்டில் ‘கட்டாக்காலி’ முதலிற் சிக்கலானது நாயைக் கொண்டன்று, மாட்டைக் கொண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம் கண்டிக் கிராமங்களைச் சூழ்ந்திருந்த காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் உடைமையாக்கிக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தது. அதுவரை சிங்களக் குடியானவரின் எருமையும் மாடும் மேய்ந்த மேடுகள் ஒரே தலைமுறையிற் கோப்பித் தோட்டங்களாயின. மாடு தன் பழைய பாதையிற் சென்றது. பாதை வேறொருவனுக்கு உரியதாகிவிட்டது. தோட்டத்தினுள் நுழைந்த மாடுகளைத் துரைமார் பிடித்து அடைத்ததும் சுட்டதும் அக்காலக் கிராமத்தவரின் முறைப்பாடுகளில் இடம்பெற்ற செய்திகள். 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறற் சட்டம் இப்பிணக்கைச் சட்டமொழியில் எழுதி வைத்தது. விலங்கு மாறவில்லை, அதன் காலடியில் இருந்த நிலம் கைமாறியது, விலங்கு குற்றவாளியாயிற்று. கட்டாக்காலி என்னும் நிலை எவ்வாறு உற்பத்தியாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நாயின் கதை சற்று வேறுபட்டது. மலைநாட்டில் நாய் இரு வர்க்கமாகவே வாழ்ந்து வந்துள்ளது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்க் கூட்டமொன்றை வைத்து மரைகளை விரட்டி வேட்டையாடியவர். துப்பாக்கியையும் வேட்டைநாயையும் தலைப்பிற் கொண்டு இலங்கையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்நூலில் ஒவ்வொரு நாய்க்கும் பெயருண்டு, குணமுண்டு, வீர மரணமுண்டு. பின்வந்த தேயிலைத் துரைமாரின் பங்களா நாய்களும் அவ்வழியினவே. வேடிக்கை என்னவென்றால், ஜிம்மி, டைகர் முதலிய அந்தப் பங்களாப் பெயர்களே காலப்போக்கில் லயத்து நாய்களுக்கும் இறங்கி வந்துவிட்டன. பெயர் இறங்கியதேயன்றி உரிமை இறங்கவில்லை. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுச் சட்டமும் ‘உரிமையாளன்’ என்ற ஒருவனை முன்வைத்தே எழுதப்பட்டவை. உரிமையாளன் உள்ள நாய் பதிவுக்குரியது. உரிமை கோரப்படாத நாய் அழித்தற்குரியது. குடியேற்றவாத ஆட்சிக்கு மட்டும் உரிய மனப்பான்மை இது என்று கொள்வதும் தவறு. 1910இல் இஸ்தான்புல் நகரை நவீனமாக்க விழைந்த ஆட்சியாளர், அந்நகரத் தெருக்களில் நூற்றாண்டுகளாக மக்களோடு வாழ்ந்த பல்லாயிரம் நாய்களைப் பிடித்து மர்மராக் கடலிலுள்ள நீரற்ற தீவொன்றிற் கொண்டுபோய் விட்டுப் பட்டினியிற் சாகவிட்டனர்.

இனி லயத்திற்கு வருவோம். லயத்து நாய் என்பது யாது? நகரத்தில் எழுதப்பட்ட சட்டத்தாலும் நகரத்தில் எழும் இரக்கத்தாலும் இன்றுவரை விடைகாணப்படாத வினா இது.

பழைய லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. ஒரே கூரையின் கீழ் ஆறு, எட்டு, பத்துக் குடும்பங்கள். வேலி இல்லை, படலை இல்லை, முற்றம் பொது, பீலிக்கரை பொது. காம்பரா தோட்டத்திற்குரியது, குடியிருப்பவர் அதில் வேலை செய்யும் காலம்வரை இருப்பவர். இவ்விடத்தில் ஒரு நாய் பிறக்கின்றது. முதற் காம்பராவிற் காலையில் ரொட்டித் துண்டும், நான்காம் காம்பராவில் மதியம் சோற்றுத் தண்ணீரும் கிடைக்கின்றன. இரவில் எவருடைய இஸ்தோப்பிற் சாக்கு கிடக்கின்றதோ அங்கே படுக்கின்றது. கொழுந்தெடுக்கும் பெண்கள் பனி விலகுமுன் மலைக்கு ஏறும்போது முன்னே ஓடுகின்றது. அந்நியர் வந்தால் லயம் முழுவதற்குமாகக் குரைக்கின்றது. இந்நாய்க்கு உரிமையாளர் எவர் என்று கேட்டால் ‘இங்கனெக்குள்ள கெடக்குற நாயிங்க’ என்பதே விடையாக வரும். சட்டத்தின் கண்ணில் இவ்விடை ‘உரிமையாளர் இல்லை’ என்பதாகும். உண்மையில் அந்நாய்க்கு ஐந்து காம்பராக்கள் உரிமையுடையன. ஐந்து காம்பராக்களுக்கும் எதுவும் உரிமையில்லை என்பதே சிக்கல். நாயைக் கட்டி வைக்கத் தறி நடுவதற்கு ஓரடி நிலம் தனக்கென இல்லாதவன் வளர்க்கும் நாய், அவன் எவ்வளவு அன்போடு வளர்ப்பினும், கட்டாக்காலியாகவே இருக்கும். அவனுடைய மாட்டின் நிலையும் இதனின்று பெரிதும் வேறன்று. லயத்தருகே மாட்டுப்பட்டி கட்டிக்கொள்ளவும் புல்லறுக்கவும் தோட்ட நிருவாகத்தின் அனுமதி தேவைப்பட்டது. அனுமதி கொடுத்தவனால் அதனை மீளப் பெறவும் முடிந்தது.

தலவாக்கலையில் இச்சிக்கல் நிலப்படத்திலேயே தெரிகின்றது. நகரம் தலவாக்கலை–லிந்துலை நகர சபைக்கு உட்பட்டது. நகரைத் தாண்டிச் சில நூறு யார் நடந்தால் தேயிலை. அங்கிருந்து தோட்டத்தின் ஆட்சி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாக நின்றது. வாக்களித்துச் சபையைத் தெரிந்தெடுத்த மக்களின் லயத்துக்குப் பாதை போடவோ குப்பை அள்ளவோ அச்சபையால் இயலாதிருந்தது. 2018இல் தான் இப்பிரிவு திருத்தப்பட்டது. குப்பை அள்ளாத இடத்தில் நாய் பெருகும் என்பது எவரும் அறிந்தது. நாய் நகர எல்லையைத் தாண்டிக் குப்பையை நாடிக் காலையில் நகரத்திற்குச் செல்லும். மாலையில் லயத்திற்குத் திரும்பும். சபையின் அதிகாரம் அதனுடன் திரும்பி வரவில்லை.

இதே தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1925இல் தோற்றுவிக்கப்பட்ட அந்நிலையத்தின் அறிவியற் சாதனைகளை நாம் குறைத்து மதிப்பிடுபவர்கள் அல்லர். தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு மலைநாட்டில் விடப்பட்டது. அது வேரூன்றி இன்றும் தன் பணியைச் செய்கின்றது. தண்டு துளைக்கும் வண்டின் பிறப்பு முதல் இறப்பு வரை அங்கு ஆராயப்பட்டுள்ளது. இலாபத்தைத் தின்னும் உயிரின் வாழ்க்கை வரலாறு நுணுக்கமாக அறியப்பட்ட நிலத்தில், தொழிலாளியின் பிள்ளையைக் கடிக்கும் நாயைப் பற்றிய அறிவு எவருடைய பொறுப்பாகவும் நெடுங்காலம் இருக்கவில்லை.

விசர்நாய்க்கடி என்பதை நாம் இலேசாக எண்ணக்கூடாது. நோய்க்குறி தோன்றிய பின் அதற்கு மருந்தில்லை எனலாம். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். 1975இல் தொடங்கிய தேசியத் திட்டம் இரு கைகளால் இயங்கியது: ஒரு கை நாய்க்குத் தடுப்பூசி ஏற்றிற்று, மறு கை கட்டாக்காலி நாயைக் கொன்றது. 2006இல் கொல்லுதல் நிறுத்தப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன. கொலையை நிறுத்தினால் நோய் பெருகும் என அஞ்சியோர் பலர். நிகழ்ந்தது அதன் மறுதலை. இறப்புகள் மேலும் குறைந்து, பின்வந்த ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இருபது, முப்பது என்னும் அளவுக்கு வந்தன. காரணம் எளிது. ஒரு பகுதியிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோயின் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஊசி ஏற்றிய நாயைக் கொன்றால் அவ்விடத்தை ஊசி ஏற்றாத நாயொன்று நிரப்பும். ஆகவே லயத்து நாய் உயிரோடு இருப்பது லயத்துப் பிள்ளை உயிரோடு இருப்பதற்கு எதிரானதன்று. மனிதனா, நாயா என்று தராசு பிடித்த எம்மவரின் வினா அறிவியல் நோக்கிலேயே பிழையான வினா.

கொல்லும் கை எவருடையது என்பதையும் நோக்க வேண்டும். மலைநாட்டு நகரங்களில் நாய் பிடித்தலும் பிணம் அகற்றலும் துப்புரவுத் தொழிலாளர் தலையில் விழுந்த வேலைகள். அத்தொழிலாளருட் பெரும்பாலோர் சாதியின் கடைப்படியில் வைக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக அவ்வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள். தோட்டத்தில் ‘வாசக்கூட்டி’ என்று அழைக்கப்பட்டவரின் நிலையும் அதுவே. நகரத்துக் கனவான் கட்டளையிடுகின்றான். கொலையின் அருவருப்பு அக்கட்டளையை நிறைவேற்றியவன் மேல் ஒட்டிக்கொள்கின்றது.

இத்தனையும் கூறியதால் லயத்து மக்களின் கையில் நிகழும் கொடுமைகளை நாம் மூடிமறைக்கின்றோம் என்று எவரும் கொள்ளவேண்டியதில்லை. அவை உண்மையானவை. பெட்டைக் குட்டி ஈன்ற நாயின் குட்டிகளுள் ஆண் குட்டிகள் காம்பராக்களுக்குப் பங்கிடப்படுகின்றன. பெட்டைக் குட்டிகள் சாக்கில் இடப்பட்டுச் சந்தையடியிலோ, பஸ் தரிப்பிடத்திலோ, பன்சலை வாசலிலோ, தேயிலைச் செடிகளுக்கிடையிலோ விடப்படுகின்றன. பன்சலையைத் தெரிவதில் ஒருவகை இரக்கமுண்டு. பிக்கு சோறு போடுவார் என்ற நம்பிக்கை. ஆற்றைத் தெரிவதில் அதுவுமில்லை. கொழுந்தெடுத்துத் தோட்டத்தைத் தாங்குபவள் பெண்ணாயிருக்கும் சமூகத்தில் பெட்டைக் குட்டி சுமை எனப்படுவது ஒரு முரண். கறவைப் பசுவின் காளைக் கன்றுக்கும் இதே கதி: பாலில்லை, உழவில்லை, ஆகவே விலையுமில்லை, வளருமுன்னரே கசாப்புக் கடைக்காரனிடம் போகின்றது. உடைமை படைத்தோரிடையே இவ்வழக்கம் இல்லை என்பதுமன்று. நுவரெலியா நகரில் ஓட்டத்திற்கும் சவாரிக்கும் உதவாதனவாகிய குதிரைகள் பெருவீதியிற் குப்பை கிளறித் திரிவதைப் பருவகாலத்திற் செல்லும் உல்லாசப் பயணியும் காண்பான். அங்கே எவரும் தோட்ட மக்களின் அறியாமையைக் காரணம் கூற முடியாது.

சுருக்குக் கம்பி வேறொரு கொடுமை. மரக்கறிப் பாத்திகளைக் கிளறும் காட்டுப்பன்றிக்காகவும் அதன் இறைச்சிக்காகவும் தேயிலை ஓரங்களிற் கட்டப்படும் இக்கம்பியில் நாயும் அகப்படும், சிறுத்தையும் அகப்படும். 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணி, லக்சபானத் தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் அகப்பட்டு, உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சில நாட்களில் இறந்தது. நாடு முழுவதும் அதற்காகத் துக்கம் காத்தது, காத்தது முறையே. ஆயின் அதே சிறுத்தைகள் லயங்களுக்கு ஏன் வருகின்றன என்ற வினா பின்தள்ளப்பட்டது. காடு குறைந்து தேயிலையும் காட்டுத் துண்டுகளும் மாறிமாறிக் கிடக்கும் மலைநாட்டில் சிறுத்தை தேயிலைக்குள்ளேயே குட்டி ஈனுகின்றது. லயத்து நாய் அதற்கு எளிதில் அகப்படும் இரை. இரவில் இஸ்தோப்பில் எவரும் கட்டாது படுத்திருக்கும் நாய், உள்ளே படுத்திருப்போருக்கும் வெளியே வரும் சிறுத்தைக்கும் இடையில் படுத்திருக்கின்றது. அது காவலா, இரையா என்பது அன்றைய இரவைப் பொறுத்தது. விலங்குகளை வதை செய்தலைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இவையெல்லாவற்றிற்கும் விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா. அத்தொகை நூறாண்டு கடந்தும் மாறாதிருந்தது. 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்த விலங்கு நலச் சட்டமூலமோ பல்லாண்டுகள் கிடப்பிற் கிடந்தது.

இவ்விவாதம் புதியதன்று. 1926இல் அகமதாபாத்தில் அம்பாலால் சாராபாய் என்னும் ஆலை முதலாளி தமது ஆலைப் புறத்திற் சுற்றிய ஏறத்தாழ அறுபது நாய்களைக் கொல்வித்தார். அகிம்சையின் பேரால் எழுந்த கண்டனத்தின் நடுவே காந்தியடிகள் அவரை ஆதரித்து, தமது இதழில் தொடர்ச்சியாக எழுதினார். தெருவில் நாய் அலைவது அந்நாயின் குற்றமன்று, சமூகத்தின் குற்றம். எச்சிற் சோற்றை வீசிவிட்டு மனநிறைவடைவது இரக்கமாகாது. வளர்ப்பவன் முழுப் பொறுப்பேற்று வளர்க்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். இதிற் பாதி எமக்கு உடன்பாடு. மறுபாதியில் ஓர் ஊகம் மறைந்துள்ளது: வளர்க்க விரும்புபவனிடம் வளர்க்க ஒரு வீடு உண்டு என்பது அது. ஆலைத் தொழிலாளியின் குடிலிலிருந்து நோக்கினால், முழுப் பொறுப்பேற்க வசதியற்றவன் எறியும் ரொட்டித் துண்டு வேறு பொருள் பெறுகின்றது. அடுத்த ஆண்டே இலங்கை வந்த காந்தியடிகள் தோட்டத் தொழிலாளரின் மதுப்பழக்கம் பற்றியும் தூய்மை பற்றியும் நிறையப் பேசினார். நாய்பற்றிய தமது வாதத்தை அவர் லயத்து வாசலில் வைத்துச் சோதித்திருந்தால் எவ்வாறு திருத்தியிருப்பார் என்று எண்ணுவது பயனுள்ள பயிற்சி. 2025 ஆகஸ்ட்டில் இந்திய உச்ச நீதிமன்றம் டெல்லியின் தெருநாய்கள் யாவற்றையும் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டு, பதினொரு நாளில் அதனைத் திருத்தி, ஊசியும் கருத்தடையும் செய்து பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறியபோதும் அதே ஊகமே இருபுறத்தும் மோதியது.

இனி இலக்கியம். எமது மலையகப் படைப்புகளிலும் அவற்றைப் பற்றிய விமர்சனங்களிலும் நாய் பெரும்பாலும் உவமையாகவே வருகின்றது. ‘நாய்ப் பிழைப்பு’, ‘நாயைப்போல விரட்டினான்’ என்பன போன்ற தொடர்களை எத்தனை கதைகளில், எத்தனை மேடைகளிற் கேட்டுள்ளோம்! அவமதிப்பின் ஆழத்தைக் காட்ட இவ்வுவமை உதவிற்று என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் ‘என்னை நாயைப்போல நடத்தாதே’ என்னும் கூற்று, நாயை அவ்வாறு நடத்தலாம் என்பதை விவாதமின்றி ஏற்றுக்கொண்ட பின்பே எழுகின்றது. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலுள்ள ஏணியின் படிகளை அது அசைப்பதில்லை. தன்னை ஒருபடி மேலே ஏற்றுமாறு மட்டுமே கேட்கின்றது. படைப்பாளியின் நோக்கம் அதுவன்று எனினும் உவமை தன் வேலையைச் செய்துவிடுகின்றது.

இதற்கு மாறாக, நாயை நாயாகவே வைத்து எழுதிய இருவரை எமது வாசகர் நன்கறிவர். ஒருவர் துர்கனேவ். 1854இல் வெளிவந்த ‘முமூ’ என்னும் கதையில் வாய்பேசாப் பண்ணையடிமை கெராசிம், ஆற்றுச் சேற்றிலிருந்து காப்பாற்றிய குட்டியை வளர்க்கின்றான். அவன் விரும்பிய பெண்ணை எசமானி ஏற்கனவே ஒரு குடிகாரனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டாள். நாயின் குரைப்பு எசமானியின் உறக்கத்தைக் கெடுக்கின்றது. கட்டளை பிறக்கின்றது. கெராசிம் தானே படகிற் சென்று தன் கையாலேயே நாயை ஆற்றில் அமிழ்த்திவிட்டு, எசமானியின் வீட்டை விட்டுத் தன் ஊருக்கு நடந்தே போய்விடுகின்றான். அவன் நாயைப்போல நடத்தப்பட்டான் என்று துர்கனேவ் எங்கும் கூறவில்லை. ஒரு நாயைத் தனக்கென வைத்திருக்க உரிமையற்றவன் என்பதைக் காட்டியதோடு பண்ணையடிமை முறையின் முழு உருவமும் வெளிப்பட்டுவிட்டது.

மற்றவர் பிரேம்சந்த். மார்கழிக் குளிரின் ஓரிரவைப் பற்றிய அவரது சிறுகதையில், கம்பளி வாங்கச் சேர்த்த மூன்று ரூபாவைக் கடன்காரனிடம் கொடுத்துவிட்ட ஏழைக் குடியானவன் ஹல்கு, வயற்காவலில் நடுங்கும்போது தன் நாய் ஜப்ராவைக் கட்டியணைத்துச் சூடு தேடுகின்றான். நாயின் நாற்றம் அவனுக்கு அருவருப்பாயில்லை. மான்கூட்டம் பயிரை மேயும்போது நாய் குரைத்தோடுகின்றது. ஹல்குவுக்கு எழ மனமில்லை. விடிந்தபின் பயிர் அழிந்ததைக் கண்டு, இனி இக்குளிரில் இங்கு படுக்கவேண்டியதில்லை என்று ஆறுதலடைகின்றான். நாய் தன் கடமையைச் செய்தது; மனிதனுக்குக் கடமையில் நம்பிக்கை போய்விட்டது, ஏனெனில் விளைவதெல்லாம் கடன்காரனுக்குரியது. தலவாக்கலையின் தைமாதக் குளிரில் இஸ்தோப்பிற் படுத்தவர்கள் இக்கதையை ஆராய்ச்சியின்றியே விளங்கிக்கொள்வர். இத்தகைய கதை மலையகத்தில் ஏன் அரிதாயிற்று? எழுத்தாளர்களிடம் திறமையில்லை என்பது விடையாகாது. உவமை போதும் என்று கூறிப் பாராட்டிய விமர்சனமும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

எமது சொந்த மரபிலும் இதற்கு வழி உண்டு. விலங்கிரக்கம் என்றவுடன் மனுநீதிச் சோழனையும் சிபியையும் பேகனையும் எடுத்துக்காட்டுவது எம்மவர் வழக்கம். அவை அரசரின் கதைகள்; கொடுப்பவனின் பெருமையே அங்கு பொருள். மணிமேகலையின் ஆபுத்திரன் கதை வேறுவகையானது. வாரணாசியைச் சேர்ந்த பார்ப்பனி சாலி, குமரிக்குச் செல்லும் வழியில் ஈன்று தோட்டமொன்றில் விட்டுச்சென்ற குழந்தை அவன். ஏழுநாள் ஒரு பசு பால் சுரந்து காத்தது. வளர்ந்தபின், வேள்விக்கெனக் கொம்பில் மாலை சூட்டிக் கட்டப்பட்டிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு செல்கின்றான், பிடிபடுகின்றான், பசு உவாத்தியைக் குத்திவிட்டுக் காட்டுக்கு ஓடுகின்றது. அதன்பின் நிகழும் சொற்போரிலேதான் சாத்தனார் கூர்மை காட்டுகின்றார். பசுவை ஏன் அவிழ்த்தாய் என்று தொடங்கிய வினா, நீ எவருக்குப் பிறந்தாய் என்பதில் முடிகின்றது. அவன் பிறப்பு இழுக்குடையது என்று கூறி ஊர் அவனை ஒதுக்குகின்றது. பிச்சைப் பாத்திரத்திற் கல் இடுகின்றது. கயிற்றை அவிழ்த்தவனே கட்டாக்காலி ஆகின்றான். விலங்கின் மீதான உரிமையும் பிறப்பின் மீதான தீர்ப்பும் ஒரே வாயிலிருந்து வருகின்றன என்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்க் காப்பியம் இவ்வளவு தெளிவாகக் கண்டிருக்க, அதனைப் பௌத்தப் பிரசாரம் என்று கூறிக் கடந்துசெல்வது எமது பாடநூல்களின் வறுமை.

பிறப்பின் மீதான தீர்ப்பு மலைநாட்டில் எவ்வாறு செயற்பட்டது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் லயங்களில் வாழ்ந்தோரைப் பெருமளவில் நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணி, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொருநாளைக்கு விட்டது. அவர்களும் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மனிதர் கணக்கிற் கட்டாக்காலிகள் ஆயினர். தலவாக்கலையிலும் அட்டனிலும் புகையிரத மேடையில் எழுந்த அழுகையால் அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயராயிற்று. 1984இல் தலைமன்னார்ப் படகுச் சேவை நின்றுபோகும்வரை இப்பயணம் தொடர்ந்தது. புறப்படுமுன் விற்கக்கூடியவை விற்கப்பட்டன: மாடு, ஆடு, கோழி, அண்டா. நாய்க்கு விலையில்லை, படகில் இடமுமில்லை. பூட்டிய காம்பராவின் முன் விடப்பட்ட நாய், அடுத்த நாளிலிருந்து தோட்டத்தின் கணக்கில் ஒரு கட்டாக்காலி. அதனைக் கைவிட்டவர் எவர்? காம்பராவைப் பூட்டிச் சென்றவரா, அவரைப் பூட்டிச் செல்ல வைத்த இரு அரசாங்கங்களா? விலங்கு நேசர் முதல் விடையையே கூறுவர். முற்போக்காளர் இரண்டாம் விடையைக் கூறுவர். ஆனால் அந்நாயைப் பற்றி எழுதமாட்டார்.

இன்றைய நிலையில் செய்யத்தக்கவை தெரியாதவையல்ல. தடுப்பூசி வாகனம் நகரத்தோடு நில்லாது பிரட்டுக்களம்வரை வருதல் வேண்டும். கொழுந்து நிறுக்கும் நேரத்திற்கு வராமல், மக்கள் லயத்தில் இருக்கும் நேரத்தில் வருதல் வேண்டும். பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யும் வசதி தோட்டப் பிரிவுகளுக்குக் கிட்டினால் சாக்கும் ஆறும் தேவைப்படா. 2018ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின்னர் பிரதேச சபைகள் தமக்கு அதிகாரமில்லை என்று கூறவும் இயலாது. இவற்றைக் கோரும் பொறுப்பு தொழிற்சங்கங்களுக்கு உண்டு. சம்பளக் கோரிக்கைப் பட்டியலில் நாய்க்கு ஊசி என்று ஒரு வரி சேர்ப்பது அப்பட்டியலின் கனத்தைக் குறைத்துவிடும் எனத் தலைவர்கள் அஞ்சக்கூடும். ஆனால் கடியுண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடும் தாய்க்கு அன்றைய நாட்பெயர் போய்விடுகின்றது. ஊசி முடியும்வரை மீண்டும் மீண்டும் போகின்றது. அது சம்பளப் பிரச்சினையாகாதா?

நாயைப் பதிவு செய்வதென்றால் அதன் உரிமையாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். லயங்களில் வாழும் குடும்பங்களுக்கு நெடுங்காலமாகத் தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அதன்கீழ் ஓர் ஆளின் பெயர், அவ்வளவே. ஒரே பெயருடைய நால்வர் ஒரே பிரிவில் இருந்தால் கடிதம் முதலிற் கண்டவர் கைக்குப் போகும். அதற்கு முன் அது தோட்ட அலுவலகத்தில் எத்தனை நாள் கிடந்தது என்பதும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேர்வு முடிந்தபின் வந்தடைந்ததால் வேலையிழந்த இளைஞர் பற்றிய முறைப்பாடுகள் மலையகத்திற் பழகிப்போனவை. வீட்டிலக்கமும் காணியுறுதியும் கேட்டு நிற்கும் அம்மக்களிடம் நாய்ப் பதிவுப் புத்தகத்தை நீட்டும் உத்தியோகத்தர், முகவரி என்ற நிரலில் எதனை எழுதுவார்?